வேலூரில் டீத் ஒயிட்னிங்: மாதங்கள் கழித்தும் நிற்பது எது?

கிளினிக்கிலிருந்து வெளியே வந்த அன்று மாலை கண்ணாடியில் தெரியும் வெண்மையை நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததில் எனாமலின் ஈரம் வற்றி, பல் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். ஈரம் திரும்பியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரம் கழித்து நிற்பதுதான் உண்மையான பலன். சிகிச்சைக்கு முன்பே ஷேடு கார்டை (பல் நிறங்களை வரிசைப்படுத்திய மாதிரி அட்டை) பல்லோரம் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஜன்னலோரம் இன்னொரு படம். ஏ3 என்ற மஞ்சள் கலந்த நிறத்தில் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இந்தப் பக்கத்து ஆட்கள் பணம் கட்டுவதற்கு முன் கறை எந்த வகை என்று பார்க்க வேண்டும். டீ, பீடி, வெற்றிலை பாக்குக் காவி எல்லாம் பல்லின் மேலே படிவது. ஸ்கேலிங்கும் (பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) பாலிஷும் செய்தாலே போய்விடும். நிறையப் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஆனால் பழைய வட ஆற்காட்டின் சில ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதைத் தாண்டிய தண்ணீரையே குடித்து வளர்ந்தால் கறை எனாமலுக்குள்ளேயே இருக்கும். ஒயிட்னிங்கில் பழுப்பு மங்கும். சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு போகாது. ஒயிட்னிங் ஜெல் போடும் நாட்களில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். மைக்ரோஅப்ரேஷன் (மேற்பரப்பை லேசாகத் தேய்த்து எடுப்பது) அல்லது ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் (திட்டுக்குள் ரெசின் பிசினை ஊறவைப்பது) சேர்த்துச் செய்தால்தான் திட்டு அடங்கும். இதை முதலிலேயே சொல்லும் டாக்டரிடம் போங்கள்.

கிளினிக்கில் போடுவது 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. உதட்டை விலக்கி, ஈறைக் காக்க அதன் மேல் ரெசினைப் பூசி லைட்டால் இறுக்கி, பிறகு ஜெல்லை வைப்பார்கள். சுமார் 15 நிமிடம், உறிஞ்சி எடுத்து மறுபடி, பெரும்பாலும் மூன்று முறை. ரெசினில் இடைவெளி இருந்தால் ஜெல் கசிந்து ஈறு வெளுத்து எரியும். எரிச்சல் தெரிந்தவுடனே கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள். வேலை செய்வது ஜெல்தான். நீல விளக்குக்கென்று கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

நீண்ட நாள் நிற்க வேண்டுமென்றால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ட்ரேவுக்குத்தான் எங்கள் ஓட்டு. 1989-இல் முறையாக வெளியான பழைய வழி இது. அளவெடுத்துச் செய்த மெல்லிய ட்ரேவில், பல்லுக்கு ஓர் அரிசி அளவு 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொள்வது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான், மெதுவாக வெளுக்கும், கூச்சமும் குறைவு. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம் போதும். ஃப்ளோரைடு பழுப்புக்கு அதைவிட அதிக நாள் ஆகும், சிறுவயதில் எடுத்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கால் வந்த சாம்பல் நிறத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அரிசி அளவைத் தாண்டினால் வெளியே பிதுங்கி ஈறைத்தான் சுடும்.

பலருக்கு ஜெல் பலிக்காமல் போவதற்கு வேலூர் வெயிலும் ஒரு காரணம். பெராக்சைடு சூட்டில் சிதைந்துவிடும். மே மாதத்தில் பைக் பெட்டியில் ஒரு மதியம் கிடந்த ஜெல் சிரிஞ்சை நம்ப முடியாது. ஃபிரிட்ஜில், கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வாங்கும்போதே காலாவதித் தேதியையும், கடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். ட்ரேவை வெந்நீரில் கழுவினால் நெளிந்துபோகும்.

கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே ட்ரேவில் அரை மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் தணியும். ஒரே ஒரு பல் மட்டும் விடாமல் வலித்தால் சொத்தையோ விரிசலோ இருக்கிறதா என்று காட்டுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடலாம்.

முதல் இரண்டு நாள் டீ, காபி வேண்டாம். ஆம்பூர் பிரியாணியோடு வரும் கத்தரிக்காய்த் தொக்கும் வேண்டாம். அதன் பிறகு டீ குடித்தவுடன் வாய் கொப்பளித்தால் போதும். சாம்பல், கரித்தூள், எலுமிச்சை பக்கமே போகாதீர்கள்: எனாமல் தேயத் தேய உள்ளே இருக்கும் மஞ்சள்தான் வெளியே தெரியும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்கில் தொடர்ந்தாலும் பழுப்பு ஏறும். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை, பழைய ட்ரேவிலேயே இரண்டு மூன்று இரவு ஜெல் போட்டால் நிறம் மீளும்.

முன்பல்லில் ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் அது வெளுக்காது, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டாமல் நிற்கும். அதை மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஒயிட்னிங் முடிந்த கையோடு மாற்றவும் கூடாது: பல்லில் தங்கிய ஆக்சிஜன் புது ஃபில்லிங்கை ஒட்டவிடாது, இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.