வடிகட்டியா, சிலிண்டரா, காற்றுக் குழாயா?

நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்குபவருக்கு வடிகட்டி பொருத்திய முகக்கவசம், முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டர், வெளியிலிருந்து குழாய் வழியே காற்றைத் தரும் கவசம் என மூன்று வழிகள் உள்ளன. இவற்றை விலையையும் சுமையையும் வைத்து ஒப்பிடுவதே வழக்கம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே போதிய ஆக்சிஜன் இருக்கிறதா என்பதுதான்.

வடிகட்டி காற்றைத் தூய்மைப்படுத்துமே தவிர உண்டாக்காது. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் உள்ள ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய இடத்தில், எவ்வளவு புதிய வடிகட்டியை மாட்டினாலும் பயனில்லை. மேலும், ஒவ்வொரு வடிகட்டியும் குறிப்பிட்ட வாயுக்களுக்கென்றே தயாரிக்கப்படுகிறது: பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி வடிகட்டி, கார்பன் மோனாக்சைடை அப்படியே விட்டுவிடும். கரி தீர்ந்துவிட்டால் வாடை காட்டிக்கொடுக்கும் என்று நம்புவோரும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடோ, காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொள்பவர் மேலும் உள்ளே போகிறார். ஆகவே, வாயு இன்னதென்று தெரிந்து, கருவியால் அளந்து, அளவு குறைவென்று உறுதியான இடத்துக்கு மட்டுமே வடிகட்டி பொருந்தும்.

சிலிண்டர் வெளிக்காற்றை நம்பியிருப்பதில்லை. முகமூடிக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாக வைக்கப்படுவதால், சிறு இடைவெளி விழுந்தாலும் பெரும்பாலும் காற்று வெளியேறுமே தவிர வாயு உள்ளே புகாது. (தாடி வைத்தவருக்கு முகமூடி சரியாகப் படியாது என்பது மூன்று வழிகளுக்கும் பொருந்தும்.) குறை என்னவென்றால், 30 நிமிடம் எனக் குறிக்கப்பட்ட சிலிண்டர் மூச்சு வாங்க உழைப்பவருக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிடும், குறுகிய திறப்பில் முதுகுச் சுமையும் சிக்கிக்கொள்ளும்.

தொட்டியைக் கழுவுவது போன்ற, திட்டமிட்டு நெடுநேரம் செய்யும் வேலைக்கு நான் காற்றுக் குழாயையே தேர்ந்தெடுப்பேன். சுமை குறைவு, காற்றும் எளிதில் தீராது. குழாய் நசுங்கினாலோ அறுந்தாலோ வெளியேறுவதற்கு இடுப்பில் சிறிய அவசர சிலிண்டர் இருந்தே தீர வேண்டும். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடம் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால், தொழிலாளிக்கு நச்சையே குழாய் வழியே அனுப்பியதாகிவிடும்.

உள்ளே மயங்கி விழுந்தவரை மீட்கும் வேளையில் நிலைமை மாறிவிடுகிறது. என்ன வாயு, எவ்வளவு என்று அளக்கவும், குழாயை இணைத்துச் சரிபார்க்கவும் அப்போது அவகாசம் இருக்காது. சில நொடிகளில் மாட்டக்கூடிய நிலையில் நிரம்பிய சிலிண்டர் திறப்பின் அருகே இல்லையென்றால், முதல் ஆளையே இறக்கக் கூடாது.