இடுப்பா, வயிற்றோரமா, பையா: முதல் தடவை துப்பாக்கியோடு வெளியே போகிறவருக்கு

முதல் நாள் நான் போனது இந்தியக் கடைக்கு. இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை கீழ்த்தட்டில் கிடந்தது. குனிந்தால் சட்டை பின்னால் ஏறும், வலது இடுப்பில் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயத்தில், மண்டி போட்டு உட்கார்ந்து மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினேன். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த பாட்டி, "இடுப்புப் பிடிப்பா தம்பி? வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்றார். அன்று முழுக்க என்னைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். அவரும் பார்த்தது துப்பாக்கியை அல்ல, என் கூத்தை.

அந்த நாற்பது நிமிடத்தில் சட்டை விளிம்பை எத்தனை தடவை இழுத்துவிட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. புடைப்பைவிடக் கைதான் காட்டிக்கொடுக்கும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அப்போது தலையாட்டினேன், புரிந்தது கடையில்தான். அன்றிலிருந்து எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை அதன் மேல் போக வேண்டியிருக்கிறது? கை போகப் போகத்தான் விபத்து, பிறர் கண், மறதி எல்லாம் கூடவே வருகின்றன. கீழே இருக்கிற அலசலுக்கும் அதுதான் அளவுகோல்.

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். "தடை எதுவும் இல்லாதவர்" என்பதில் நம்மவர்கள் பலர் வழுக்குகிறார்கள். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் எடுத்தவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அது இல்லை. நான் குடியுரிமை வாங்கியபிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பக்கவாட்டு இடுப்பும் வயிற்றோரமும்

பெரிய சண்டை இந்த இரண்டுக்கும்தான். உடம்பைக் கடிகாரமாக வைத்து, தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி என்று கணக்கு. 3 முதல் 4 மணி வரை வைப்பது பழைய வழக்கம். 1 மணி பக்கம், அதாவது குடல்வால் இருக்கிற இடத்தில் வைப்பது 'அப்பெண்டிக்ஸ் கேரி'. இரண்டிலுமே உறை பேன்ட்டுக்கு உள்ளே இருக்கும், சட்டை வெளியே தொங்கும்.

பக்கவாட்டில் வைத்தால் நிற்கும்போது சொகுசு. துப்பாக்கி மனதை உறுத்தாது, குழாய் தரையைப் பார்த்து இருக்கும். ஆனால் குனிந்தால் பிடி முதுகுப்பக்கம் துருத்தும். கார் சீட்பெல்ட் கொக்கி வந்து முட்டும். வரிசையில் பின்னால் நிற்பவர் இடித்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். யாராவது கட்டிப்பிடித்து நலம் விசாரித்தால் முழங்கையை ஒடுக்கிக்கொள்வீர்கள். எல்லாம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பதால் கை அடிக்கடி பின்னால் போய்த் தடவிப் பார்க்கும். என் அரிசி மூட்டை நாடகத்துக்கு இதுதான் காரணம்.

வயிற்றோரத்தில் வைத்தால் எல்லாம் கண் முன்னே. குனிந்தாலும் சட்டை முன்பக்கம் தொங்கி மறைத்துவிடும். தடவிப் பார்க்கத் தேவையில்லை, குனிந்து பார்த்தாலே போதும். ஆனால் உட்காரும்போது குழாயின் முனை தொடையையும் அதற்குப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் குறிபார்க்கிறது. தொடையின் பெரிய தமனி அங்கேதான் ஓடுகிறது. அங்கே ஒரு தவறு நடந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிடலாம். அந்த நினைப்பு முதல் மாதம் முழுக்க இருந்தது. இருந்ததே நல்லது என்றுதான் இப்போது படுகிறது.

ஆபத்து உட்கார்ந்திருக்கும்போது அல்ல, துப்பாக்கியை உறைக்குள் திரும்பச் செருகும்போது. சட்டை நுனியோ ஜாக்கெட்டின் நாடாவோ டிரிகர் வளையத்துக்குள் மாட்டினால் விரல் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடும். நான் கண்டுகொண்ட வழி சாதாரணமானது. துப்பாக்கியை இடுப்பில் வைத்துச் செருகுவதே இல்லை. காலையில் பெட்டகத்திலிருந்து உறையோடு எடுக்கிறேன், உறையோடு பேன்ட்டுக்குள் இறக்குகிறேன், கிளிப்பை பெல்ட்டில் மாட்டுகிறேன். இரவில் உறையோடே கழற்றி உள்ளே வைக்கிறேன். நாளுக்கு இரண்டே தடவை, அதுவும் டிரிகர் மூடியபடி. பக்கவாட்டில் இதைச் செய்ய முதுகுப்பக்கம் கையை வளைத்துத் துழாவ வேண்டும். எனக்கு வயிற்றோரம் ஜெயித்தது இதனால்தான். வேகமாக உருவலாம் என்று ரேஞ்சில் சொல்கிற காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொப்பை இருந்தால் முடியாது என்பார்கள். எனக்கு இருக்கிறது. உறையின் கீழ்முனையில் ஒரு சின்ன நுரை ஆப்பு ஒட்டினால் குழாய் வெளியே தள்ளி, பிடி வயிற்றுக்குள் சாயும். உறையின் பக்கத்தில் 'கிளா' என்று ஒரு சின்ன இறக்கை இருக்கும். பெல்ட் அதை அழுத்த, பிடி உள்ளே திரும்பும். சட்டையில் தெரிவது எப்போதும் பிடிதான், குழாய் அல்ல. முதல் தடவை வாங்குகிறவர்கள் குழாய் குட்டையானதைத் தேடி ஏமாறுவது இங்கேதான். குழாய் நீளம் பேன்ட்டுக்குள் மறைந்துவிடும். பிடி குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வாங்கியது இருபது டாலர் நைலான் உறை, எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. கட்டியது ஆபீஸுக்குப் போடுகிற தோல் பெல்ட். மத்தியானத்துக்குள் பேன்ட் ஒரு பக்கம் இறங்கி, ரெஸ்ட்ரூமுக்குள் போய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த உறை இப்போது குப்பையில். கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அந்தந்த மாடலுக்கென்றே வார்த்த உறை, உள்ளே விறைப்புப் பட்டை வைத்த பெல்ட், இரண்டும் சேர்ந்து நல்ல துப்பாக்கி விலையில் நாலில் ஒரு பங்கு ஆகும். கிளாக் 19 கைத்துப்பாக்கி, தோட்டா அடுக்குகிற மேகசின் காலியாக இருக்கும்போது சுமார் 670 கிராம், அதன்மேல் 15 தோட்டா. 2018-ல் வந்த சிக் பி365 ஏறத்தாழ 500 கிராம், 10 தோட்டா. சின்னது சுமக்கச் சுகம், சுடக் கொஞ்சம் துள்ளும். ஆனால் பெல்ட் தொளதொளவென்றிருந்தால் இரண்டுமே இடுப்பில் தூளி ஆடும்.

உறையே இல்லாமல் செருகிக்கொள்வது ஒரு முறையா என்று கேட்டால், இல்லை. 2008 நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் பிளாக்சிகோ பர்ரெஸ் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றில் தொளதொளப்பான பேன்ட்டில் கிளாக்கைச் செருகியிருந்தார். அது நழுவியது, வெடித்தது, தொடையில் பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லும் உரிமமும் அவரிடம் இல்லை. இரண்டு வருடச் சிறைத் தண்டனை.

பாக்கெட், பை, கார்

பாக்கெட்டுக்கு ஒரு நல்ல ஆள் உண்டு: ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர். ஐந்து தோட்டா, சுமார் 410 கிராம், சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது, டிரிகர் நீளமாக, கனமாக இழுக்கும். பாக்கெட்டுக்கென்று விற்கிற உறையில் போட்டு, அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ எதுவும் போடாமல் வைத்தால் தொந்தரவே இல்லை. கையைப் பாக்கெட்டில் விட்டு நிற்பது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. ஆனால் உட்கார்ந்தபடி எடுக்க முடியாது, காருக்குள் சுத்தமாக முடியாது.

கைப்பையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பை உடம்பைவிட்டு இறங்கும். கடைத் தள்ளுவண்டியில் உட்காரும், நாற்காலியில் தொங்கும், தோழி வீட்டு சோபாவில் கிடக்கும். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலம் ஹேடனில் ஒரு வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் பைக்குள் கைவிட்டு எடுத்துச் சுட்டதில் அம்மா இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. மறதி இன்னொரு பக்கம். 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. பையில் இருந்தது ஞாபகமில்லை என்பதுதான் அங்கே அடிக்கடி கேட்கிற பதில். இடுப்பில் இருப்பது அப்படி மறக்காது, உட்கார்ந்தால் குத்தும்.

காரில் விட்டுவைப்பதற்கு டெக்சாஸில் ஒரு பழைய காயம் உண்டு. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊர் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் ரிவால்வரைக் காரிலேயே விட்டிருந்தார். அப்பா அம்மா இருவரும் இறந்தார்கள். அவர் ஊர் ஊராகச் சாட்சி சொன்னார், 1995-ல் உரிமச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் அவரே மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கார் கண்ணாடியை உடைக்கிறவனுக்குச் சீட்டுக்கு அடியில் கிடக்கிற துப்பாக்கி பரிசு மாதிரி. விட்டே ஆக வேண்டும் என்றால் இருக்கைச் சட்டத்தில் கம்பிவடம் போட்டுக் கட்டிய இரும்புப் பெட்டியில்தான்.

குழாய் அறையில் தோட்டாவா, காலியா

புதியவர்கள் ராத்திரி தூங்காமல் யோசிப்பது இதைத்தான். மேகசின் நிரப்பி, சுடத் தயாராகத் தோட்டா உட்கார்கிற குழாய் அறையைக் காலியாக வைப்பது 'இஸ்ரேல் முறை'. பயத்துக்கு அது மருந்து. ஆனால் தேவைப்படும்போது மேல்பாகமான ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை அறைக்குள் ஏற்ற இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குழந்தை இருக்கலாம்.

எனக்குப் பயம் போனது ஒரு பரிசோதனையில். இரண்டு வாரம் வீட்டுக்குள் காலித் துப்பாக்கியோடு நடமாடினேன். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, ஸ்லைடை ஒரு தடவை இழுத்து, டிரிகரைத் தொடாமல் உறையில் வைத்தேன். பாத்திரம் தேய்த்தேன், தோட்டத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினேன், மகளோடு தரையில் உருண்டேன். ராத்திரி எடுத்துப் பார்ப்பேன். உள்ளே தோட்டாவை அடிக்கிற ஊசி விடுபட்டிருந்தால் கிளாக்கின் டிரிகர் பின்னால் போயிருக்கும். பதினாலு நாளும் டிரிகர் முன்னாலேயே நின்றது. அப்புறம்தான் நிரப்பினேன். பரிசோதனை முடிகிற வரை காலியாக வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் நிரப்பி இரவில் இறக்கி, மறுநாள் மறுபடி ஏற்றுவது இந்த இரண்டு முறையையும்விட மோசமானது. கை போகிற தடவை கூடுகிறது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் அதன் முனை கூட்டுக்குள் அமுங்கவும் செய்யும்.

உரிமம் எடுப்பதா, வேண்டாமா

தேவையில்லாதபோது எதற்கு என்று கேட்பார்கள். கட்டணம் 40 டாலர், கைரேகை, ஒரு வகுப்பு, பிறகு 3, 7, 15 கெஜத்தில் 50 ரவுண்டு சுட்டு 250-க்கு 175 எடுக்க வேண்டும். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டம், அந்த மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு தருகிறது. உரிமம் இல்லாதவர் எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதோ ஒரு பள்ளியின் வட்டத்துக்குள்தான் இருப்பார். உரிமம் உள்ளவரை அறிவிப்புப் பலகையால் தடுக்க '30.06' என்று சட்டப்பிரிவு எண் போட்ட, ஓர் அங்குல எழுத்தில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் உள்ள பலகை வேண்டும். (அந்த எண் ஒரு பிரபல ரைஃபிள் தோட்டாவின் பெயரும்கூட. யாரோ சிரித்துக்கொண்டே போட்டிருப்பார்கள்.) உரிமம் இல்லாதவரைத் தடுக்கச் சின்ன அறிவிப்பே போதும். எடுத்துவிடுங்கள்.

எங்கள் கோயில் வாசலில் அந்தப் பலகை இருக்கிறது. இல்லாவிட்டாலும் வயிற்றோரத்தில் அதை வைத்துக்கொண்டு சாஷ்டாங்கமாக விழ முடியாது, வேட்டியில் எந்த கிளிப்பும் நிற்காது. கோயிலுக்குப் போகிற நாளில் அது வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கும்.

என் மனைவியும் என்னோடு வகுப்புக்கு வந்தவள்தான், சுடுவதில் என்னைவிட மதிப்பெண் அதிகம். சுடிதாருக்கு பெல்ட் கிடையாது. வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பட்டை வாங்கிப் பார்த்தாள், வியர்வையில் அரித்தது. பையை நானும் அவளும் முதலிலேயே தள்ளிவிட்டோம். மூன்றாவது வாரம் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். இப்போது சாவிக்கொத்தில் மிளகு ஸ்பிரே தொங்குகிறது. சனிக்கிழமை கடைக்குப் போகும்போது அரிசி மூட்டையை அவளே தூக்குகிறாள், நன்றாகக் குனிந்து.