பயிற்சிக்கு ஓ.பி.யா, ஆன்லைனா?

உளவியல் முதுகலை முடித்த சேலம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், பயிற்சிக்குப் போகலாமா, வீட்டிலிருந்தே ஆன்லைன் கவுன்சலிங் பயிற்சியில் சேரலாமா? இரண்டிலும் இருந்தவள் நான். முதலில் ஓ.பி., அப்புறம் ஆன்லைன் என்பேன்.

வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் "தூக்கம்தான் வரல" என்று வந்து உட்கார்ந்தார். மடியில் இருந்த விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்துத்தான் குடியைப் பற்றிக் கேட்டேன். நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. குடியைத் திடீரென நிறுத்தினால் ஆபத்தாகலாம் என்பதால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன். வீடியோவில் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். அறிவுத்திறன் சோதனையும் அப்படித்தான். குழந்தை மரக்கட்டைகளை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்துதான் கற்க முடியும்.

ஆனால் நான் பேசியதை ஓ.பி.யில் யாரும் கேட்கவில்லை. பயிற்சியை மேற்பார்க்கும் சூப்பர்வைசருக்கு வாசல் வரை வரிசை. நினைவில் நின்றதை மாலையில் சொல்வேன், அவ்வளவுதான். ஆன்லைனில், வந்தவரின் சம்மதத்தோடு, சூப்பர்வைசர் கேமராவை அணைத்துவிட்டுக் கூடவே இருந்தார். "அவங்க அழ ஆரம்பிச்சதும் நீ அடுத்த கேள்விக்குப் போயிட்ட" என்றார். ஆறு மாத ஓ.பி.யில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆன்லைன் பயிற்சிக்கு ஈடே இல்லை.

ஏற்காடு மலைக்கும் அது உதவுகிறது. நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. இரண்டாம் முறை வரமாட்டார். போனில் என்றால் ஐந்தாவது அமர்வு வரை தொடர்கிறார். ஆனால் தனியாகப் பேச அவருக்கு இடம் வேண்டுமே! ஒரு பெண் காபி காயவைக்கும் களத்தின் ஓரம் நின்று பேசுவார். மாமியார் வந்ததும் பேச்சு ரேஷன் அரிசிக்குத் தாவிவிடும். "ஆமா", "இல்ல" என்று மட்டும் பதில் சொன்னால் போதும் என்கிற மாதிரிக் கேட்க அங்கேதான் பழகினேன்.

சிக்னல் போவதுதான் எனக்குப் பெரிய பயம். "இனி இருந்து என்ன" என்று ஒருவர் சொன்ன இடத்தில் இணைப்பு அறுந்தது. திரும்பக் கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து, இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் தொடங்குவதில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐயும் கொடுத்துவிடுகிறேன். இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

ஆன்லைனில் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் சூப்பர்விஷன்? நடுராத்திரி ஆபத்து என்றால் யார் போனை எடுப்பார்? நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். இன்னொன்று: கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு பெற இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். ஆன்லைன் பயிற்சிச் சான்றிதழ் எத்தனை சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.