55 வயதும் ஒரு விலாச மாற்றமும்

2025 செப்டம்பரில் ஒன்பது நாள் சிங்கப்பூர் போய் வந்தேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோய் அப்போது 14 ஆண்டு ஆகியிருந்தது. இம்முறை கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. எனக்கு 55 நிறைந்துவிட்டது, சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக் கணக்கை ஒழுங்குபண்ண வேண்டியிருந்தது.

சாங்கி விமான நிலையத்தில் இயந்திர வாயில் சில நொடிகளில் உள்ளே விட்டது. அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய வேண்டிய சிங்பாஸ் அப்படி விடவில்லை. பழைய கைபேசி எண்ணை நான் எப்போதோ கைவிட்டிருந்தேன், அதைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போனது. தப்பு என்னுடையதுதான்.

பீஷான் சேமநிதி நிலையத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போனேன். சின்னப் பெண், நல்ல தமிழ். சிறப்புக் கணக்கை மூடி, முழு ஓய்வுக்காலத் தொகையான 2,13,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றியிருப்பதைத் திரையில் காட்டினார். அதற்கு அப்போது வட்டி 4 விழுக்காடு. 65 வயதிலிருந்து மாதாமாதம், உயிருள்ளவரை பணம் வரும். மீதி சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். “எடுத்துட்டுப் போய் அங்கே போடப் போறீங்களா சார்?” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் கிளம்பிய 2011-இல் ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 30 காசு கிடைத்தது. இந்த முறை போனபோது 85 காசை ஒட்டி நின்றது. அங்கே முதலாளி சூப்பர் எனும் ஓய்வுக்கால நிதியில் சம்பளத்துக்கு மேல் 12 விழுக்காடு போடுகிறார். அது அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பரவி நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் கடைசிக் காலத்தில் சிங்கப்பூரின் ஈசூனில் உட்கார்ந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போகிறவன், அந்த வளர்ச்சியை வெள்ளியில் எண்ணிப் பார்த்தால் ஒரு பகுதியை நாணய மாற்றே தின்றுவிடுகிறது. மீதியை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

அப்புறம் வங்கி. பெயர் வேண்டாம். அங்கே கொஞ்சம் அமெரிக்கப் பங்கு வைத்திருக்கிறேன். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. அதனால் இங்கே குடியிருப்பவரின் ஈவுத்தொகையில் அமெரிக்கா 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவுக்கு ஒப்பந்தம் உண்டு, 15-தான். விலாசத்தை மாற்றச் சொல்லி இருமுறை எழுதியும் அவர்கள் மாற்றவே இல்லை. இத்தனை வருடமும் 30 கட்டியிருக்கிறேன்! கவுன்டரில் மூன்று முறை வரிசையில் நின்ற பிறகுதான் புதுப் படிவம் கொடுத்தார்கள்.

அன்று இரவு சோற்றுத் தட்டோடு இதைப் புலம்பினேன். அக்கா மகன் சிரித்தான். அவன் வாங்குவது அயர்லாந்தில் பதிவான நிதி, லண்டன் சந்தையில். நிதிக்குள்ளேயே 15 விழுக்காட்டோடு முடிந்துவிடுகிறதாம். அமெரிக்கப் பங்கை நேரடியாக வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால், 60,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்டதற்கு மரண வரி வேறு உண்டு, அதுவும் இதில் இல்லை என்றான். சிங்கப்பூர் 2008-லேயே ஒழித்த வரியை வாஷிங்டனுக்குக் கட்ட வேண்டிவரலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

“இந்தத் தொல்லையெல்லாம் எனக்கில்ல தம்பி, என் காசு ஊரைவிட்டே போகல” என்றார் அக்கா. போயிருக்கிறதே! சேமநிதிப் பணம் அரசாங்கத்தின் சிறப்புக் கடன்பத்திரத்துக்குப் போகிறது. அரசாங்கம் அதை மற்ற நிதிகளோடு சேர்த்துக்கொள்கிறது, அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான ஜிஐசி உலகமெங்கும் முதலீடு செய்கிறது. சந்தையோடு அலைவதும் நட்டம் வந்தால் தாங்குவதும் அவர்கள் பாடு. அக்காவுக்கு வட்டி மட்டும் வெள்ளியில் வந்துகொண்டிருக்கிறது. சொன்னேன். “அப்போ சரி, ரசம் ஊத்திக்க” என்றார்.

திரும்பி வந்த மூன்றாம் வாரம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். என் விலாசம் பெர்த்துக்கு மாற்றப்பட்டுவிட்டதை உறுதிசெய்து வங்கி கடிதம் போட்டிருந்தது, ஈசூன் விலாசத்துக்கு.