ஊட்டியா, கொடைக்கானலா? நெடுந்தூர ஓட்ட வீராங்கனைக்கு எந்த மலை

10,000 மீட்டரும் மாரத்தானும்தான் என் வழி என்று தீர்மானித்துவிட்ட பெண்ணுக்கு, தமிழ்நாட்டில் மலைப் பயிற்சி என்றால் இந்த இரண்டு ஊர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை: ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. ஆக்சிஜன் குறைந்த காற்றில், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகும். அதற்கு மூன்று, நான்கு வாரங்களாவது தங்க வேண்டும். சிவப்பணு உருவாக இரும்பு வேண்டும் என்பதால், இரும்புச்சத்து குறைந்த உடலுக்கு எந்த மலையும் உதவாது. மாதவிடாயில் இரும்பை இழக்கும் பெண்கள், மலையேறும் முன்பே ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஷூவுக்குச் செலவிடத் தயங்காதவர்கள் இந்த ரத்தப் பரிசோதனைக்கு ஏனோ தயங்குகிறார்கள்.

கொடைக்கானலின் பலம் ஏரிச் சாலை. ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். காலையில் நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வருவதால், தனியாக ஓடும் பெண்ணுக்குத் தைரியமாக இருக்கும். கோடை சீசனில் மட்டும் சைக்கிளும் குதிரையும் சாலையைப் பிடித்துக்கொள்ளும்.

ஊட்டி சாலைகள் மேடும் பள்ளமுமாக மூச்சை வாங்கிவிடும். ஆனால் லலிதா பாபர், ஓ.பி.ஜெய்ஷா, சுதா சிங் போன்ற இந்திய நெடுந்தூர ஓட்ட வீராங்கனைகள் பயிற்சி பெற்ற ஊர் அது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் லலிதா 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் போட்டி) இறுதிச் சுற்றில் 10ஆம் இடம் பிடித்தார். ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும் தாழ்வான இடத்தில்தான் வேகமாக ஓட முடியும் என்பதால், வேகப் பயிற்சிக்குச் சுமார் 1,850 மீட்டரிலுள்ள குன்னூருக்கோ, இன்னும் கீழே மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கிவிடலாம்.

அடித்தளம் போடும் ஆண்டுக்குக் கொடைக்கானல், தேசியப் போட்டியைக் குறிவைக்கும்போது ஊட்டி என்பது என் தேர்வு. இரண்டு ஊரிலும் காட்டெருமை சாலைக்கு வரும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே புறப்படுங்கள்.