புகை அடிப்பதா, தொட்டியைத் தேய்ப்பதா?

தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்தால் போதும், "இன்னும் புகை அடிக்க வரலையா?" என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, கண்ணெதிரே ஏதாவது நடந்தால்தான் கொஞ்சம் தெம்பு வரும். ஆனால் கொசுவை ஒழிக்க ஊர்களில் செய்யப்படும் வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புகைக்கு நாம் கொடுக்கும் முதலிடம் அதற்கு உரியது அல்ல என்றே சொல்வேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்குள் வாழும் கொசு. பகலில் கடிக்கும். கடித்தபின் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் போய் ஒதுங்கிக்கொள்ளும். தெருவில் போகும் புகை, ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் இருக்கும் இந்தக் கொசுவை எட்டாது. மருந்துத் துளி கொசுவின் மேல் பட்டால்தான் அது சாகும். புகை கலைந்தால் மருந்தின் வேலையும் முடிந்தது. தொட்டியில் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. சில நாட்களில் புதுக் கொசுக்கள் கிளம்பிவிடும். போதாக்குறைக்கு, பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகளுக்குப் பல நாடுகளில் இந்தக் கொசு பழகிவிட்டது.

அதற்காகப் புகையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நோய் கண்ட வீட்டைச் சுற்றி வைரஸைச் சுமந்த கொசுக்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும்போது, கதவைத் திறந்து வீட்டுக்குள்ளேயே அடித்தால் பலன் உண்டு. அது அவசரத்துக்கு உதவும் வேலை, அவ்வளவுதான்.

தேய்த்துக் கழுவும் வேலை இதற்கு நேர் எதிர். யார் கண்ணிலும் படாது, ஆனால் கொசு பிறக்கும் இடத்திலேயே கை வைக்கிறது. தண்ணீர் ட்ரம்மின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். கரித்தூள் தெறித்தது போல ஒட்டியிருக்கும் கறுப்புப் புள்ளிகள்தான் முட்டை. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்தால் எந்தப் புழுவும் சிறகு முளைக்கும் வரை தப்பாது. ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஏர்கூலர், மொட்டைமாடியில் கிடக்கும் டயர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இது வெறும் அறிவுரை இல்லை. நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் பூச்சிமருந்தை நம்பாமல், மக்களே கூடிப் பேசி, தங்களுக்கு ஏற்ற வழியில் கொசு பிறக்கும் இடங்களை அழித்தார்கள். அந்தப் பகுதிகளில் டெங்கு தொற்று சுமார் 30 சதவீதம் குறைந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. பலவீனமும் உண்டு. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் திறந்த தொட்டி, தெருவே பட்ட பாட்டை வீணாக்கிவிடும்.

கொட்ட முடியாத தண்ணீருக்குத்தான் புழுக்கொல்லி. டெமிஃபாஸ், நாம் அபேட் என்று சொல்வது, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவே போதும். ஆனால் வாடை பிடிக்காமல் பலர் தொட்டியைக் கழுவிவிடுகிறார்கள்; சில இடங்களில் புழுவும் இதற்கு அசைவதில்லை. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பிடிஐ என்ற பாக்டீரியா கொசுப்புழுவின் குடலைத் தாக்குகிறது, மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் கேட்டு வாங்கச் சொல்வேன். கிணற்றுக்கும் அலங்காரத் தொட்டிக்கும் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் சரி. அதே வேலைக்கு விடப்படும் கம்பூசியா மீனைக் குளத்தில் விட்டால், அது உள்ளூர் மீன்குஞ்சையும் தவளைக்குஞ்சையும் தின்றுவிடும்.

வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை வெளியே விடும் முறைதான் இப்போது பெரிய நம்பிக்கை. கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவதை அந்தப் பாக்டீரியா தடுக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆய்வில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. இவ்வளவு பெரிய பலன் மற்றவற்றில் காணக் கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் கொசு ஊரில் நிலைக்கப் பல மாதம் ஆகும். ரியோ டி ஜெனிரோவில் முதல் முயற்சி நிலைக்காமல் போனது. அங்கே வீடுகளில் புழங்கிய பூச்சிமருந்தைத் தாங்கும் சக்தி உள்ளூர் கொசுவுக்கு இருந்தது, விடப்பட்ட கொசுவுக்கு இல்லை. மருந்தை வாரி இறைத்தால் நாளைய வழியும் அடைபடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கையில் இருப்பது ஐந்து ஆட்கள் என்றால், மழைக்கு முன்பே நால்வரைப் பிரஷ்ஷும் டார்ச்சுமாக வீடு வீடாக அனுப்புவேன். ஒருவரையும் புகை இயந்திரத்தையும் நோய் கண்ட வீடுகளுக்கு ஒதுக்குவேன். டார்ச், இருட்டான தொட்டிக்குள் பார்க்க. ஆனால் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் போய் மறைந்துவிடும். புழு இல்லை என்று உடனே மூடியைப் போட்டுவிடக் கூடாது. ஒரு நிமிடம் அசையாமல் நின்றால், மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வரும்.