பழைய காரின் வெடித்த டேஷ்போர்ட் மெத்தை: கழற்றித் திருத்துவதா, அதன்மேல் மேலுறை ஒட்டுவதா?

செலவு: மேலுறை மலிவு. கழற்றினால் குஷன் கடைக் கூலியும் சேரும்.

உழைப்பு: மேலுறை எளிது. கழற்றுவதற்கு பற்றரி இணைப்பைத் துண்டித்து, மீற்றர்களை எடுத்து, பின்புற நட்டுகளைத் தேடவேண்டும்; சில கார்களில் முன்கண்ணாடியையும் எடுக்க நேரும். நுவரெலியா போன்ற மலைப்பகுதியில் காலைக் குளிரில் மெத்தையின் பழைய வினைல் விறைத்திருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பிளவு நீளும். தயவுசெய்து வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

நீடிப்பு: மெத்தைக்குள் ஈரம் உறிஞ்சிய நுரைமீது மேலுறை ஒட்டுவது காருக்குச் செய்யும் அநியாயம். ஈரம் உள்ளேயே தங்கித் தகரம் துருப்பிடிக்கும். கழற்றினால் துருவைச் சுரண்டலாம், வயர்களையும் பார்க்கலாம்.

நுரை உலர்ந்து, வெடிப்பு மயிரிழையாக இருந்தால் மேலுறை போதும். நுரை உதிர்ந்தாலோ கண்ணாடி ரப்பர் கசிந்தாலோ கழற்றியே ஆகவேண்டும், ஹட்டன் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே.